பன்னிரண்டு நாவலும் ஒரே பிற்பகலில்

ஒரு காரியத்தைச் செய்வதைவிட அதற்குத் திட்டம் போடுவதில்தான் எனக்குக் குஷி அதிகம். நான் போட்டதிலேயே பெரிய திட்டம் ஒரே பிற்பகலில் செத்துப்போனது. கொன்றதும் நான்தான்.

அது இரண்டாம் உலகச் சண்டைக் காலம். விழுப்புரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எட்டாவது வரை படித்தவள் என்ற கர்வம் மட்டும் எனக்குத் தலைக்கு மேல் இருந்தது (தெருவில் வேறு எந்தப் பெண்ணுக்கும் எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாது, ஆகையால் போட்டியே இல்லை). ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க மாமியாரோடு உட்கார்ந்து கையால் சுற்றும் கல் ஏந்திரத்தில் கேப்பை அரைக்க வேண்டும். அந்தக் கல்லைச் சுற்றிச் சுற்றித் தோள்பட்டையே கழன்றுவிடும் போலிருக்கும்.

அப்போதுதான் திண்டிவனத்திலிருந்து என் தாய்மாமன், தான் சேர்த்து வைத்திருந்த பழைய நாவல்களை ஒரு டிரங்குப் பெட்டியில் போட்டு ரயிலில் அனுப்பிவைத்தார். எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு! எனக்குத் தலைகால் புரியவில்லை. மாதம் ஒரு நாவல். ஞாயிறுதோறும் பகலில் நான் உரக்கப் படிப்பேன், தெருப் பெண்கள் கேட்பார்கள். ஒரு வருஷத்துக்கு ஏந்திரத்திலிருந்து விடுதலை. மண்ணெண்ணெய் கிடைப்பது பேஜாராக இருப்பதால் ராத்திரியில் படிக்க வழியில்லை என்று மாமியாரிடம் நியாயமும் சொன்னேன். அவர் சம்மதித்ததை என்னாலேயே நம்ப முடியவில்லை.

பங்குனிக் கடைசியில், எந்த மாதம் எந்த நாவல் என்று தீர்மானிக்கக் கூட்டம் போட்டோம். மாமியார், மாசமாயிருந்த நாத்தனார் குப்பம்மாள், வருகிற தையில் மகனுக்குக் கல்யாணம் வைத்திருந்த அடுத்த வீட்டுத் தனபாக்கியம் அக்கா, இன்னும் நாலைந்து பேர், எல்லார் மடியிலும் உரிக்க மல்லாட்டை (வேர்க்கடலைக்கு எங்கள் ஊர்ப் பெயர்). நான் முதல் நாவலைத் தூக்கிக் காட்டியதும் மாமியார் கேட்டார்:

"இதுல யாருனா சாவறாங்களா?"

திகைத்துப்போனேன். அவர் பஞ்சாங்கத்தைக் கொண்டுவந்து பொறுமையாக விளக்கினார். ஐப்பசியில் குப்பம்மாளுக்குப் பிரசவம், அதுவரை சாவுக் கதை அவள் காதில் விழக்கூடாது. தையில் கல்யாணம், அந்த மாதம் பெண்டாட்டியைத் தள்ளிவைக்கிற கதை ஆகாது. முடிவு தெரியாமல் மாதம் குறிப்பது எப்படி?

நியாயம்தான். ஆனால் நான் அவற்றில் ஒன்றைக்கூடப் படித்ததில்லை. அதை ஒப்புக்கொள்வேனா? ஒவ்வொன்றிலும் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, எல்லாம் மனப்பாடம் மாதிரி அறிவித்தேன். கதாநாயகி கிணற்றில் விழுந்து சாகிறாள் (மாசிக்குத் தள்ளு). சாமியார் வேஷம் போட்டவன்தான் கொலைகாரன் (கார்த்திகை). காணாமல் போன பிள்ளை ஜட்ஜாகித் திரும்பி வருகிறான் (ஐப்பசிக்கு இதுதான் ராசி). கூட்டம் மல்லாட்டையை மறந்து வாயைப் பிளந்தது. எனக்கு உற்சாகம் பிடிபடவில்லை. குரலை ஏற்றி இறக்கி, கொலைகாரன் மாட்டிக்கொள்வதை எழுந்து நின்று நடித்தே காட்டினேன். விளக்கு வைப்பதற்குள் பன்னிரண்டு மாதமும் நிரம்பிவிட்டது. அவ்வளவு சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட இல்லை.

அடுத்த ஞாயிறு பாய் விரித்து, செம்பில் தண்ணீர் வைத்து, சித்திரை நாவலோடு உட்கார்ந்தேன். ஈ காக்கை வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டேன்.

"அதான் பன்னெண்டு கதையும் போன வாரமே கேட்டுட்டமே," என்றார் தனபாக்கியம் அக்கா. "ரொம்ப நல்லா சொன்னம்மா."

திரும்பினால், மாமியார் கேப்பை முறத்தோடு நிற்கிறார். பாயைச் சுருட்டினேன். ஏந்திரம் சுற்ற ஆரம்பித்தது. நாலு சுற்று ஆனதும் மாமியார் கேட்டார்:

"ஏம்மா, அந்தப் பொண்ணு கெணத்துல வுழுந்துதே, எதுக்கு வுழுந்துது?"

கடைசிப் பக்கத்தில் அது இல்லையே. "தெரியாது அத்தை," என்றேன். என் எட்டாவது வகுப்புக் கர்வம் மாவோடு மாவாகிவிட்டது. "முதலிலிருந்து படித்தால்தான் தெரியும். ஒரு மாசம் ஆகும்."

மாமியார் கல்லின் பிடியிலிருந்து என் கையை எடுத்துவிட்டார். "நான் அரைச்சிக்கினே கேக்கறேன். நீ போய் அந்த பொஸ்தகத்த எடுத்தா."

"அது மாசி மாசத்துக் கதையாச்சே?"

"குப்பம்மா காதுல வுழாம மெதுவா படி."

அந்த வருஷம் முழுக்க, பஞ்சாங்கத்தைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டு, மாமியாருக்குத் தோன்றிய வரிசையில் படித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் தனபாக்கியம் அக்கா காதை வைத்துக்கொண்டிருந்தது தனிக்கதை.

இன்றும் எங்கள் வீட்டில் யார் எதை ஆரம்பித்தாலும், சினிமாவோ சீமந்தமோ, அன்று கூட்டத்தில் மாமியார் கேட்ட கேள்விதான் முதலில் வரும். ஐப்பசியில் பிறந்த குப்பம்மாள் மகன்தான் இதில் மோசம். போன வருஷம் எனக்குக் கண் ஆபரேஷன். டாக்டர் எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். அவன் என் தோளுக்குப் பின்னாலிருந்து மெதுவாகக் கேட்டான்:

"இதுல யாருனா சாவறாங்களா?"

நான் சிரித்த சிரிப்பில், பாவம் அந்த டாக்டர், மறுபடி ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லிவிட்டார்.