ஓசியில் பேசாத டாக்டரம்மா

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாவதோடு நின்றவன். என் எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்ற தகராறு எனக்கு இன்னும் தீரவில்லை. அச்சுக் கோக்கிறவர் திட்டிக்கொண்டே திருத்திக்கொள்ளட்டும். வாயால் சொல்லலாம் என்றால் நாலு பேர் எதிரில் எனக்கு நாக்கு எழும்பாது. அதனால்தான் பேனாவைப் பிடித்தேன்.

புத்தி கலங்கியவர்களுக்கு, அவர்கள் முகத்தைப் பார்க்காமல், மலைமேல் உட்கார்ந்தபடி, முறுக்கைக் கடித்துக்கொண்டே வைத்தியம் பார்த்த ஆள் உலகத்திலேயே ஒருத்தர்தான். அவர்தான் எங்கள் போன் டாக்டரம்மா. உலகம் எனக்குத் தெரியாது. ஆவடி முதல் பூந்தமல்லி வரை தெரியும். அந்த அளவுக்கு அடித்துச் சொல்வேன்.

எனக்குச் சின்ன வயதில் போலியோ வந்து ஒரு கால் சூம்பிவிட்டது. அந்தக் காலைக் காட்டித்தான் பருத்திப்பட்டு ஏரிக்கரை ரோட்டில் எஸ்.டி.டி. பூத் போட அனுமதி கிடைத்தது. ஒரு கண்ணாடிக் கூண்டு, உள்ளே ஒரு ஸ்டூல், ஒரு போன். போனுக்கு மேலே ஒரு மீட்டர் பெட்டி. இங்கிருந்து பேசப் பேச அதில் காசுக்கணக்கு சிவப்பு எண்களாக ஓடும்.

டாக்டரம்மா முன்பு வியாழக்கிழமைதோறும் ஆவடியில் ஒரு சர்ச் கூடத்துக்கு வந்து இலவசமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போனதில்லை. பிறகு இடுப்பெலும்பு முறிந்து, குன்னூரில் தங்கை வீட்டோடு போய்விட்டார். நோயாளிகள் எங்கே போவார்கள்? கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி என்று வாயெடுத்தாலே எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு நிச்சயம் செய்த கல்யாணம் நின்றுவிடும். அப்படியும் துணிந்து கூட்டிப்போனால், இரண்டு பஸ் மாறுவதற்குள் நோயாளி நடுவில் இறங்கி ஓடிவிடுவான். அதனால் டாக்டரம்மா சொல்லி அனுப்பினார்: வியாழக்கிழமை காலையில் எல்லாரும் எனக்குப் போன் பண்ணுங்கள். மாத்திரைச் சீட்டு தபாலில் வரும். ஊசியை அதே சர்ச் பக்கத்து நர்ஸம்மா போடுவார்.

அந்தப் போன் என் பூத்துப் போன் ஆனது என் தலையெழுத்து.

டாக்டரம்மா எடுத்ததும் நோயைக் கேட்க மாட்டார். "சாப்பிட்டியா? என்ன குழம்பு?" என்றுதான் கேட்பார். மறுமுனையில் முறுக்கு கடிபடும் சத்தம் கேட்கும். குழம்பு என்னவென்று சொல்லத் தெரியாதவனுக்கு அந்த வாரம் மாத்திரை மாறும்.

அவருக்குக் கண் நான்தான். என் பேர் சேவியர். அவர் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"டேய் பூத்து, அவன் சட்டைப் பொத்தான் சரியா போட்டிருக்கானா பாரு."

"ஒண்ணு மாறிக்கீதும்மா."

"நகம்?"

"வெட்டல."

"அந்தப் பொண்ணு கண்ணு எங்க பாக்குது?"

பொம்பளை முகத்தை நிமிர்ந்து பார்த்து அறியாதவன் நான். வேர்த்துவிடும். "தெரியலம்மா, நான் தரையப் பாத்துக்கினு கீறேன்" என்பேன். "நீ தரையப் பாரு, அவ உத்தரத்தைப் பாக்கட்டும். நான் இங்கிருந்து சுவத்தைப் பாக்கறேன். விளங்கிடும்!" என்று குன்னூர் அதிரக் கத்துவார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கூத்து நடை. சில மாத்திரைகளுக்குக் கைகால் விறைத்துப்போகுமாம். அதைக் கண்டுபிடிக்க, நோயாளியைப் பூத்துக்கு முன்னால் நடக்கவிட்டு, நான் ரிசீவரைத் தரையில் பிடிக்க வேண்டும். செருப்புச் சத்தத்தை அவர் கேட்பார். பூந்தமல்லியிலிருந்து வரும் தையல்கார பாய் நடந்தால், "இழுக்கறான், இழுக்கறான், அரை மாத்திரை குறை" என்பார். ஒருநாள் பாய் நடக்கும்போது நடுவில் ஒரு எருமை போய்விட்டது. "யாருடா அது, நாலு கால்ல நடக்கறான்?" என்றார்.

வேடிக்கை பார்க்கக் கண்ணாடிக்கு வெளியே எப்போதும் ஒரு கூட்டம் காது நீட்டிக்கொண்டு நிற்கும். ஒருநாள் டாக்டரம்மா, "வெளிய நிக்கிறவன்ல ரொம்ப சிரிக்கிறவன் எவனோ, அவன்கிட்ட போனைக் குடு" என்றார். வாட்டசாட்டமான பால்காரர் ஒருவர், "இன்னா நைனா, என்னையும் லூஸுன்னு நெனச்சிக்கிச்சா?" என்று சிரித்துக்கொண்டே வாங்கினார். அந்தப் பக்கம் என்ன கேட்டார்களோ. கொஞ்ச நேரத்தில் கூண்டுக்குள் குந்திக்கொண்டு துண்டால் வாயைப் பொத்தி அழுதார். அடுத்த வியாழக்கிழமை வரிசையில் நின்றார்.

அந்த வரிசையில்தான் ஒருநாள் என் அண்ணனையும் கொண்டுவந்து நிறுத்தினேன்.

அந்தோணி அண்ணன் அம்பத்தூர் எஸ்டேட்டில் வெல்டர். கம்பெனிச் சங்கு தன் பேரைச் சொல்லி ஊதுகிறது என்று ஒருநாள் வேலையிலிருந்து பாதியில் வந்துவிட்டான். பிறகு சங்கு இல்லாமலே காதில் பேச்சு. தண்டவாளத்தில் போய்ப் படு என்று சொல்லுமாம். கூடவே வலிப்பு. பேச்சை அடக்கச் சாராயம். அண்ணி ரோஸி தண்டவாளத்துக்குப் பயந்து அவனைக் கொய்யா மரத்தில் புடவையால் கட்டிப்போட்டாள். புடவையைக் கடித்து அறுத்தான். எங்கள் பெரிய மாமா சங்கிலி வாங்கிவந்துவிட்டார். எங்கோ தொலைவில் இப்படிப்பட்டவர்களைச் சங்கிலியோடு வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம் இருக்கிறதாம். அங்கே போனவன் திரும்பிவந்ததை நாங்கள் பார்த்ததில்லை.

"ஒரே ஒரு வாட்டி டாக்டரம்மாகிட்ட பேசட்டும் மாமா" என்றேன். அவர் ரிசீவரைப் பிடுங்கி, "மூஞ்சியே பாக்காத வைத்தியம் இன்னாம்மா வைத்தியம்?" என்று சீறினார்.

"நீங்க தினம் அவன் மூஞ்சியப் பாக்கறீங்களே, என்ன கிழிச்சீங்க? எனக்கு மழைக்காலம் முடியற வரைக்கும் டயம் குடுங்க. அதுவரைக்கும் சங்கிலி வேண்டாம்."

மாமா இறங்கிவந்தார். அண்ணன்தான் போனைத் தொட மறுத்தான். "ஏற்கெனவே காதுக்குள்ள ஒரு பேட்டையே பேசிக்கினு கீது. நீ வேற ஒண்ணக் கொண்டாந்து சொருவுறியே" என்றான். நியாயமான பேச்சு. ரிசீவரை அவன் காதருகே நான் பிடித்துக்கொண்டேன். டாக்டரம்மா கத்தியதில் எனக்கும் கேட்டது.

"சந்தேகமா இருக்கா? நல்லது. எதிர்ல ஒரு பெட்டி இருக்கா? நம்பர் ஓடுதா?"

"ஓடுது."

"உன் காதுல பேசறவனுங்களுக்கு அது ஓடுமா?"

அண்ணன் யோசித்தான். "ஓடாது."

"ஓசியில பேசறவன் பேச்ச எதுக்குடா கேக்கற? நான் மீட்டர் ஓடப் பேசறவ. நான் சொல்றதக் கேளு. சாப்பிட்டியா?"

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அண்ணன் சிரித்ததை அன்று பார்த்தேன். கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தான். "வலிப்பு, பேச்சு, சாராயம். மூணுக்கும் பாக்கணும். ஒரு மருந்து இன்னொண்ணோட சண்டைக்குப் போகாம பாக்கணும்" என்று டாக்டரம்மா வாராவாரம் மாற்றி மாற்றிக் கொடுத்தார். அண்ணன் தெருவில் நடக்கும்போது திடீரென்று நின்று, "போங்கடா ஓசிப் பசங்களா" என்று காற்றைத் திட்டுவான். பார்க்கிறவர்கள் பயந்தார்கள். எங்கள் வீட்டில் அது நல்ல சகுனம்.

மழைக்காலம் வந்தது. ரோட்டோரக் கேபிளில் தண்ணீர் இறங்கி, போன் ஊமையாகிவிட்டது. வரிசையில் சென்னீர்குப்பத்திலிருந்து வரும் அக்கா ஒருத்தி உண்டு. குழந்தை இறந்தபின் தோல் உரிய உரியக் கை கழுவிக்கொண்டே இருப்பவள். மழையில் வந்து நின்றாள். "லைன் செத்துக்கீதுக்கா, அடுத்த வாரம் வாங்க" என்றேன். அடுத்த வாரமும் வந்தாள். அதையே சொன்னேன். அவள் கேட்காமல் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, செத்த போனை எடுத்து வெகுநேரம் பேசினாள். வெளியே வந்து, "அவங்களுக்குக் கேக்கல போலக்கீது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்கடுத்த வாரம் அவள் வரவில்லை. பருத்திப்பட்டு ஏரியில் மிதந்ததாகச் சொன்னார்கள்.

லைன் சரியானதும் நான்தான் டாக்டரம்மாவிடம் சொன்னேன். மறுமுனையில் முறுக்குச் சத்தம் இல்லை. மீட்டர் மட்டும் ஓடியது. பிறகு, "கடைசியா என்ன பேசினா?" என்று கேட்டார்.

"கண்ணாடிக் கதவு சாத்தியிருந்திச்சும்மா. எனக்குக் கேக்கல."

"என்ன குழம்பு வெச்சேன்னு சொல்லியிருப்பா" என்றார்.

பிறகு, "பூத்து, இனிமே நீங்க கூப்பிட வேண்டாம். வியாழக்கிழமை நானே கூப்பிடறேன். லைன் செத்தா அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சிடும். யாரையாவது வீட்டுக்கு அனுப்பிடுவேன்" என்றார்.

நல்ல ஏற்பாடுதான். எல்லாரும் சந்தோஷப்பட்டோம்.

அந்த வாரம் மணி அடித்தது. அண்ணன் ஆசையாகப் போய் எடுத்தான். "சாப்பிட்டியா?" என்று டாக்டரம்மா கேட்டிருப்பார். அண்ணன் ஒரு நிமிஷம் எதிரே வெறித்துப் பார்த்தான். ரிசீவரைப் பாம்பை உதறுவதுபோல உதறிவிட்டு வெளியே ஓடினான். ஏன் என்று எங்களுக்கு விளங்கவில்லை. அன்றிலிருந்து மாத்திரையைத் துப்பினான். ஊசிக்கு வரவில்லை. அடுத்த வாரம் தண்டவாளத்துப் பக்கம் போனவனை நாலு பேர் தூக்கிவந்தார்கள்.

மாமா வாடகை வேனோடு வந்துவிட்டார். "மய முடிஞ்சிடிச்சி. நான் குடுத்த டயமும் முடிஞ்சிடிச்சி" என்று சங்கிலியை எடுத்தார். அண்ணி முற்றத்தில் உட்கார்ந்துவிட்டாள். கொய்யா மரத்தடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்த அண்ணனிடம் போய் நானும் உட்கார்ந்தேன்.

"இன்னா அண்ணே? டாக்டரம்மா எதனா திட்டிச்சா?"

சுற்றிலும் பார்த்துவிட்டு ரகசியமாகச் சொன்னான். "அது டாக்டரம்மா இல்லடா. அவனுங்கதான். அவங்க கொரல்லியே பேசறானுங்க."

"உனுக்கு எப்டித் தெரியும்?"

"மீட்டரு ஓடலடா."

எனக்கு உச்சந்தலையில் அடித்த மாதிரி இருந்தது. இங்கிருந்து நாம் கூப்பிட்டால்தான் பெட்டி ஓடும். வெளியூரிலிருந்து வரும் போனுக்கு ஓடாது. பூத்து வைத்திருக்கும் எனக்குத் தெரியும், அண்ணனுக்கு எப்படித் தெரியும்? டாக்டரம்மா சொல்லிக்கொடுத்ததை எங்கள் எல்லாரையும்விட ஒழுங்காகக் கடைப்பிடித்தவன் அவன்தான்.

வாழ்நாளில் முதல்முறையாக நான் பெரியவர்கள் முன்னால் கத்தினேன். "மாமா, வண்டிய நிறுத்து!" அவரே திகைத்துவிட்டார். அண்ணனின் கையைப் பிடித்து, நொண்டிக்கொண்டே பூத்து வரை இழுத்துப்போனேன். மாமா சங்கிலியோடு பின்னால் வந்தார். அண்ணனை மீட்டருக்கு எதிரே உட்காரவைத்து, அவன் பார்க்கப் பார்க்கக் குன்னூருக்கு எண்ணைச் சுழற்றினேன்.

"டாக்டரம்மா, பூத்து பேசறேன். நீங்க கூப்ட்டா மீட்டரு ஓடாதும்மா. அத்தான் அண்ணன் நம்பல."

"அடப்பாவி" என்றார் மெல்ல. யாரைச் சொன்னார் என்று தெரியாது. தன்னையே சொல்லிக்கொண்டார் என்று நினைக்கிறேன். "குடு அவன்கிட்ட."

அண்ணன் பெட்டியையே பார்த்தபடி காதில் வைத்தான்.

"ஓடுதா?"

"ஓடுது."

"நான் யாரு?"

"மீட்டரு ஓடப் பேசறவங்க." ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "எங்கம்மா போயிட்டீங்க? அவனுங்க உங்க கொரல எட்த்துக்கினானுங்கோ."

"எங்கயும் போகலடா. சாப்பிட்டியா?"

"இல்ல."

"போய்ச் சாப்பிட்டுட்டு வந்து என்ன குழம்புன்னு சொல்லு. லைன்லயே இருக்கேன்."

அண்ணி ஓடிப்போய்ச் சோறு கொண்டுவந்தாள். அண்ணன் கூண்டுக்குள்ளேயே சாப்பிட்டான். மீட்டர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மாமா கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தார். பிறகு வேனைத் திருப்பி அனுப்பினார். சங்கிலியை என் மேஜைமேல் போட்டுவிட்டு, "ஸ்டூல யாருனா தூக்கினு பூடப்போறான், கட்டி வையி" என்றார். இன்றும் அது ஸ்டூலில்தான் கிடக்கிறது.

அதன்பிறகு எல்லாரையும் டாக்டரம்மா கூப்பிடுவார். அண்ணன் மட்டும் இங்கிருந்து கூப்பிடுவான். அண்ணன் மறுபடி வெல்டிங் பட்டறைக்குப் போனான். வலிப்பு எப்போதாவது வந்தது. பேச்சு முழுதாக நிற்கவில்லை. ஆனால் தண்டவாளத்துக்குப் போகவில்லை.

போன வருஷம் ஒரு வியாழக்கிழமை குன்னூரில் தங்கை எடுத்தார். அக்கா தூக்கத்திலேயே போய்விட்டார் என்றார். அவர் முகத்தை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஒரு போட்டோ கேட்கலாம் என்று நினைத்தேன். கூச்சத்தில் கேட்கவில்லை. ஆவடிக்கே வாரம் ஒருநாள் வேறொரு இளம் டாக்டர் வர ஆரம்பித்தார். நல்லவர். குழம்பு கேட்பதில்லை.

இன்று காலை அண்ணன் வேலைக்குப் போகும் வழியில் பூத்துக்குள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். தலையை ஒருபக்கம் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தான்.

"இன்னா அண்ணே?"

"டாக்டரம்மா பேசுது."

நான் பயந்துபோய் மீட்டரைப் பார்த்தேன். அவனும் பார்த்தான்.

"தெரியுண்டா. ஓடல. நெஜம் இல்ல. மாத்திரையும் போட்டுக்கினுதான் கீறேன்" என்றான். "மத்த ஓசிப் பசங்களத் தொரத்திட்டேன். இது ஒண்ணு மட்டும் பேசினு போட்டும்."

"இன்னா சொல்லுது?"

"பூத்து சாப்ட்டானான்னு கேக்குது."

சாப்பிட்டேன் என்று சொல்லச் சொன்னேன். காரக்குழம்பு.

பருத்திப்பட்டு,
வியாழக்கிழமை, 15 ஜூலை 1999.