திரும்பிப் பார்க்காமல் கார் வாங்கிய கதை

விலை பேசாமல் நான் வாங்கிய பொருள் என்று எதுவும் இல்லை. பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனாலும் "நேற்றைய பாண்தானே?" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டுத்தான் சட்டைப்பைக்குள் கையை விடுவேன். ஒருமுறை பெற்றோல் ஷெட்டில், "டாங்கி நிறைய அடிக்கிறேன், பார்த்துச் செய்யுங்கள்" என்று கேட்டிருக்கிறேன். பெற்றோல் அடித்தவர் என்னைப் பார்த்தார். ஒன்றும் செய்யவில்லை.

இது பிறவிக் குணம் என்று சொல்லித் தப்பிக்கலாம். தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, ஆளுக்கொரு பையோடு புத்தளம் வந்து, கனமூலைப் பக்கம் குடியேறிய குடும்பம் எங்களுடையது. கரண்டி முதல் கதிரை வரை எல்லாவற்றையும் புதிதாக வாங்க வேண்டியிருந்தது. பேசிப் பேசித்தான் வீட்டை நிரப்பினோம். அதனால் எங்கள் வீட்டில் பேரம் பேசத் தெரியாதவனை எழுதப் படிக்கத் தெரியாதவனைப் போலப் பார்ப்பார்கள்.

அப்படிப்பட்ட நான்தான் ஒரு காருக்குப் பேரம் பேசப் போய், சிலாபம் வீதியில் பட்டப்பகலில் மானத்தை விட்டுவிட்டு வந்தேன்.

கார் என் ஆசை அல்ல, என் மனைவி ரிஸ்வானாவின் ஆசை. அவள் கணித ஆசிரியை. குறிஞ்சிப்பிட்டிப் பக்கம் ஒரு பாடசாலைக்கு மாற்றம் கிடைத்தது. அன்றிலிருந்து தினமும் என் மோட்டார்சைக்கிளின் பின்னால் இருந்துதான் போனாள். கற்பிட்டி வீதிக் காற்றை அறிந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பாடசாலை வாசலில் இறங்கி அவள் அபாயாவை உதறினால், சிறு பிள்ளை வீடு கட்டி விளையாடும் அளவுக்கு மணல் கொட்டும். கண்கள் சிவந்திருக்கும். அந்தக் கண்களோடு போய் அட்சரகணிதம் படிப்பிப்பாள். புத்தளத்தில் பயிற்சிக்குப் போய்க் கார் ஓடும் லைசன்ஸும் எடுத்து வைத்திருந்தாள். லைசன்ஸ் இரண்டு வருடமாக அலுமாரிக்குள் இருந்தது. (எனக்கு மோட்டார்சைக்கிள் லைசன்ஸ் மட்டும்தான். இந்தத் தகவல் பின்னால் தேவைப்படும்.)

யுத்தம் முடிந்து, வீதிகளுக்கெல்லாம் தார்க் காப்பெட் போட்டு, ஊரே ஹைபிரிட் கார்க் கதை கதைத்துக்கொண்டிருந்த காலம் அது. கலியாண வீட்டில் மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று கேட்பதை விட்டுவிட்டு, லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்று கேட்டார்கள். கப்பலில் வரும்போதே கார்கள் விற்றுப்போயின. எந்தக் கார் சேலுக்குப் போனாலும், என்ன நிறம் வேண்டும் என்று கேட்பதற்கு முன், "விலைக்கு மேல எவ்வளவு தருவீங்க?" என்றுதான் கேட்டார்கள். நீர்கொழும்பில் ஒருவர் பால்தேநீர் கொடுத்து உட்காரவைத்து, சிரித்துக்கொண்டே நான்கு லட்சம் மேலே கேட்டார். நான் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். கம்பனி விலைக்கு மேல் ஒரு சதமும் கொடுக்கமாட்டேன் என்று வீட்டுக்கு வந்து சபதம் போட்டேன்.

சபதம் போட்டது நான். வழி கண்டுபிடித்தது ரிஸ்வானா. சிலாபத்தில், முன்னேஸ்வரம் திரும்பும் சந்திக்கு இப்பால், நெல்சன் முதலாளி என்ற ஒருவரின் கார் சேல் இருந்தது. அவர் கம்பனி விலைக்கு மேல் வாங்குவதில்லை. அதற்குப் பதிலாக ஒரு கொப்பி வைத்திருந்தார். பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். முறை வரும் நாளில் நேரில் போய் ஓம், சம்மதம் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பெயரை வெட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார். வெட்டிய பெயர் கொப்பியின் கடைசிக்குப் போகும். ரிஸ்வானா ஏழு மாதம் காத்திருந்தாள். ஒரு வியாழக்கிழமை தொலைபேசி வந்தது. வெள்ளை நிற ஹைபிரிட் கார், சனிக்கிழமை வரலாம் என்றார்கள். அன்றிரவு அவள் அலுமாரியைத் திறந்து லைசன்ஸை எடுத்துப் பார்த்துவிட்டு, திரும்ப வைக்கவில்லை. கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

இவ்வளவோடு நான் சும்மா இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து மச்சான் சாபிரைக் கண்டேன். சாபிர் ரிஸ்வானாவின் அண்ணன் (எங்கள் பேச்சில் நானா), என் வயதுக்காரன், ஆட்டு வியாபாரி. ஹஜ்ஜுக் காலத்தில் மதுரங்குளி தொடக்கம் கற்பிட்டி வரை அவன் கை படாத ஆடு இல்லை.

"கம்பனி விலைக்கா வாங்கப் போறீங்க?" என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "மேல கேக்காதவன் கீழயும் இறங்குவான் மச்சான். நீங்க கேக்கத் தெரிஞ்சு கேக்கணும். ஆடெண்டா என்ன, காரெண்டா என்ன? ரெண்டும் நாலு காலு."

பிறகு தன் தொழில் இரகசியங்களைச் சொன்னான். வேண்டிய ஆட்டை முதலில் பார்க்கக் கூடாது, பக்கத்து ஆட்டைப் பார்க்க வேண்டும். பிறகு பல்லைப் பார்த்து, குறை கண்டு நொட்டை சொல்ல வேண்டும். கடைசியாக ஒரு விலையைச் சொல்லிவிட்டு, வேணாம் என்று நடக்க வேண்டும்.

"நடக்கிறதுதான் முக்கியம். கேட்டைத் தாண்டக்குள்ள கூப்பிடுவான். கூப்பிடாட்டி இன்னும் மெதுவா நடங்க. ஆனா திரும்பிப் பாக்கவே கூடாது. திரும்பிப் பாத்தா முடிஞ்சுது. பாக்காம நடந்தா சாமான் தானாப் பின்னால வரும்."

சனிக்கிழமை சிலாபம் பஸ்ஸில் ரிஸ்வானா சொன்னாள்: "இஞ்ச பாருங்க, அங்க போய் நீங்க வாயைத் திறக்க வேணாம். ஓம் எண்ட ஒரு சொல்லுத்தான். அதையும் நானே சொல்லுவன்."

நான் தலையாட்டினேன். விற்பனைக்குப் போகும் ஆடும் இப்படித்தான் தலையாட்டும்.

நெல்சன் முதலாளி கண்ணாடி போட்ட, சாந்தமான மனிதர். சிங்களவர், ஆனால் தமிழ் நன்றாகப் பேசினார். தகரக் கூரைக்குக் கீழே கார் நின்றது. பால்போல வெள்ளை. ரிஸ்வானா அதன் அருகில் போய், தொடாமல் நின்றாள். நான் முதலாவது விதிப்படி அந்தப் பக்கமே திரும்பாமல், பக்கத்தில் நின்ற ஒரு சின்ன லொறியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். டயரைத் தட்டினேன். குனிந்து அடியைப் பார்த்தேன்.

"நானா," என்றார் நெல்சன் முதலாளி, "அது என்ட தேங்கா லொறி. விக்கிறதுக்கு இல்ல."

சரி, இரண்டாவது விதி. காருக்குப் பல் எங்கே இருக்கும் என்று யோசித்து, முன் மூடியைத் திறக்கச் சொன்னேன். உள்ளே இருந்த எதுவும் எனக்கு விளங்கவில்லை. உச்சுக்கொட்டினேன்.

"ஸ்டார்ட் பண்ணுங்க பாப்பம்."

"ஸ்டார்ட்லதான் நானா இரிக்கி."

காதை வைத்துப் பார்த்தேன். ஒரு முனகல்கூட இல்லை. அகப்பட்டதடா குற்றம் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

"சத்தத்தையே காணல்லியே! கத்தாத ஆட்டை யாராவது வாங்குவாங்களா?"

வாய் தவறி வந்துவிட்டது. நெல்சன் முதலாளி என்னை விட்டுவிட்டு ரிஸ்வானாவைப் பார்த்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் விலையில் ஒரு லட்சம் குறைத்துக் கேட்டேன்.

"அனே நானா, எல்லாரும் மேல கேக்கிறாங்க. நான் ஒரு சதம் கூடக் கேக்கல்லியே."

"அதத்தான் நானும் சொல்றன். கூடக் கேக்காதவருக்குக் குறைச்சுத் தர ஏலும்தானே?"

இந்த வாதத்தின் அழகு இன்றுவரை எனக்கு மட்டும்தான் தெரியும். நெல்சன் முதலாளி கோபிக்கவில்லை. மெதுவாகக் கொப்பியைத் திறந்து, விரலால் கீழே தேடினார். (குறைத்துக் கணக்குப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அவர் அடுத்த பெயருக்கு உரியவரின் தொலைபேசி இலக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.) பழம் கனிந்துவிட்டது என்று முடிவு செய்தேன்.

"அப்ப எங்களுக்கு இந்தக் கார் வேணாம்!" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

"இஞ்ச பாருங்க!" என்று ரிஸ்வானா பின்னால் கத்தினாள். என்ன அருமையாக நடிக்கிறாள், சாபிரின் தங்கச்சி அல்லவா என்று வியந்துகொண்டே நடந்தேன்.

கேட் வந்தது. யாரும் கூப்பிடவில்லை. வேகத்தைக் குறைத்து, பிரதான வீதியின் ஓரமாக நடந்தேன். உச்சி வெயில். புதுச் சப்பாத்து குதிகாலைக் கடித்தது. இளநீர் விற்கும் தம்பிலிக் கடை வந்தது. கடைக்காரப் பெண் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "நானா, பின்னால..." என்று கையைக் காட்டினாள். முதலாளி ஆள் அனுப்பிவிட்டார் என்று விளங்கிக்கொண்டேன். "தெரியும் அக்கா" என்று கண்ணைச் சிமிட்டிவிட்டு நடந்தேன். அவள் சிரித்தாள். எதிரே வந்த பஸ்ஸின் கொண்டக்டர் மிதிபலகையில் தொங்கியபடி, "நானாவ்! பின்னால!" என்று கூவிக்கொண்டு போனான். பஸ்ஸுக்குள் இருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். நான் கையை உயர்த்தி, கண்ணியமாக நடந்தேன். இத்தனை பேர் சொல்லியும் திரும்பாத என் மனவுறுதியை நினைத்து எனக்கே புல்லரித்தது.

ஆனால் கூப்பிடும் குரல் மட்டும் வரவில்லை. ஐம்பதாயிரம் குறைத்தாலும் போதும் என்று மனதுக்குள் இறங்கினேன். இன்னும் கொஞ்ச தூரத்தில், கம்பனி விலையே கொடுக்கலாம் என்று வந்தேன். பிறகு ரிஸ்வானாவின் சிவந்த கண்கள் நினைவுக்கு வந்தன. உண்மையில் பயந்துவிட்டேன். மதகடிக்கு வந்து சேர்ந்தபோது, யா அல்லாஹ், மேலே ஒரு லட்சம் கேட்டாலும் கொடுத்துவிடுகிறேன், அந்த மனிதரைக் கூப்பிட வை என்று துஆக் கேட்கும் நிலைக்கு வந்திருந்தேன்.

ஆனாலும் திரும்பவில்லை. விதி விதிதானே? சப்பாத்து நூலைக் கட்டுவதுபோலக் குனிந்து, கால்களுக்கு இடையால் பின்பக்கம் பார்த்தேன்.

தலைகீழாக ஒரு வெள்ளைக் கார் நின்றது. கைநீட்டினால் தொடலாம்.

நிமிர்ந்தேன். கார் சத்தமே இல்லாமல் அரை அடி முன்னால் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது. ஓட்டுநர் ஆசனத்தில் ரிஸ்வானா. பக்கத்தில் மடியில் கொப்பியோடு நெல்சன் முதலாளி.

"ஏறுங்க," என்றாள் என் மனைவி. "உங்கட ஆடு வந்திரிக்கி."

முன்னால் இடமில்லாததால் பின்னால் ஏறினேன். உள்ளே குளிர். கேட்டிலிருந்து ஊர்ந்து ஊர்ந்து என் பின்னால்தான் வந்திருக்கிறார்கள். ஏன் ஹோன் அடிக்கவில்லை என்று கேட்டேன்.

"எவ்வளவு தூரம் போவீங்க எண்டு பாக்க ஆசையா இருந்திச்சு."

நெல்சன் முதலாளி திரும்பி, "நல்ல நடை நானா. லீற்றருக்கு எவ்வளவு தூரம் போவீங்க?" என்றார்.

நானும் சிரித்தேன். ரிஸ்வானா சிரிக்கவில்லை. புதுக் கார் ஓட்டும் பயம் என்று நினைத்தேன். அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"முதலாளி பேரை வெட்டப் பேனையை எடுத்திட்டார்," என்றாள். "அடுத்த பேர்க்காரர், சிலாபத்து டொக்டருக்குக் கோலும் போயிட்டு. வெட்டாதீங்க எண்டு நான் கையைப் பிடிக்காத குறை. ஏழு மாசம் காத்திருந்தது நான். கொப்பியில இரிக்கிறது என்ட பேர். நீங்க யாரைக் கேட்டு வேணாம் எண்டீங்க?"

வெட்கமாக இருந்தது. தம்பிலிக் கடைக்கும் பஸ்ஸுக்கும் முன்னால் பட்ட வெட்கம் அதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. "பிழைதான்," என்றேன். காரைத் திருப்பிக்கொண்டு கார் சேலுக்கே போனோம். அவள் கம்பனி விலைக்கே, ஒரு சதம் கூட்டாமல், ஒரு சதம் குறைக்காமல், கையெழுத்துப் போட்டாள். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

சாபிருக்கு மட்டும் இதில் ஒரு தோல்வியும் தெரியவில்லை. "திரும்பிப் பாக்காம நடந்தீங்க. சாமான் பின்னால வந்திச்சா இல்லியா?" என்று எல்லோரிடமும் தன் வெற்றியாகவே சொல்லித் திரிகிறான்.

என் இடம் இன்றைக்கும் பின் ஆசனம்தான். முன்னால் மூத்த மகள் இருப்பாள். காருக்கு வீட்டில் கார் என்ற பெயர் இல்லை. "வாப்பா, ஆட்டைக் கழுவியாச்சா?" "உம்மா, ஆட்டை உள்ள எடுங்க, மழை வரப்போகுது" என்றுதான் பிள்ளைகள் கதைப்பார்கள்.

போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய கிழமை, அயலூர்க்காரர் ஒருவர் குர்பானிக்கு ஆடு தேடி, வாசலில் வந்து ஸலாம் சொன்னார். எங்கள் வீட்டில் ஒரு வெள்ளை ஆடு நிற்பதாகக் கடையில் பிள்ளைகள் கதைத்ததைக் கேட்டாராம். ஆட்டைப் பார்க்காமலே நொட்டை தொடங்கினார்.

"கனகாலமா நிக்கிதாமே. வயசு போயிருக்கும். இறைச்சி இருக்காது. ஒருக்காப் பல்லைப் பாக்கலாமா?"

நான் உள்ளே போய் ஒளிந்துகொண்டேன். ரிஸ்வானா வெளியே வந்து, சிரிக்காமல் சொன்னாள்:

"பல்லெல்லாம் எங்கட மனுசன் அண்டைக்கே பாத்திட்டார். கத்தாது எண்டு வேணாம் எண்டும் சொல்லிட்டார். அதுக்குப் பிறகு நாங்க அதை ஆருக்கும் விக்கிறதில்ல."