பழைய பேப்பரை வேண்டாம் என்றவர்

உலகத்திலேயே பழைய பேப்பரை வேண்டாம் என்று சொன்ன ஒரே பழைய பேப்பர்காரர் எங்கள் திருவண்ணாமலையில்தான் இருந்தார். வேறு ஊரிலும் அப்படி ஒருவர் உண்டு என்று யாராவது சொன்னால், அவர் பொய் சொல்கிறார்.

அவருக்கும் வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்களுக்கு அவர் 'நாலு கிலோ'. மூன்று சக்கர வண்டியை வாசலில் நிறுத்துவார். நாம் தூக்கிவந்து வைக்கும் கட்டை ஒரு பார்வை பார்த்து, "நாலு கிலோ வரும்" என்பார். முக்கால்வாசி நேரம் நாலு கிலோவேதான் இருக்கும். ஐந்தரை இருந்துவிட்டால் தன் கண்ணையே கடிந்துகொண்டு ஐந்தரைக்கே காசு கொடுப்பார். எங்கள் ஐந்து தெருப் பெண்களும் சொந்த மாமியாரை நம்பாவிட்டாலும் அவர் தராசை நம்பினார்கள்.

அந்தக் கண் பேப்பரோடு நிற்காது. ஒருமுறை என் மச்சினி கைக்குழந்தையோடு வாசலில் நின்றாள். எட்டிப் பார்த்து, "நாலு கிலோ வரும்மா" என்றார். "பச்சப் புள்ளையப் பாத்து எடை சொல்றியே, கண்ணு படாதா?" என்று மச்சினி சண்டைக்குப் போனாள். மறுநாள் ஆஸ்பத்திரியில் எடை போட்டார்கள். நாலு கிலோ நூறு கிராம். "அந்த நூறு துணியா இருக்கும்" என்றார் நாலு கிலோ.

அவர் படிக்காத பேப்பர் கிடையாது. ஆனால் எல்லாவற்றையும் நாங்கள் எடைக்குப் போட்ட பிறகுதான் படிப்பார். நாங்கள் போடுவதோ மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஆகவே அவர் எங்களோடு ஒரே ஊரில், மூன்று மாதம் பின்னால் வாழ்ந்துகொண்டிருந்தார். டில்லியில் ஆட்சி கவிழ்ந்து, தேர்தல் நடந்து, புது ஆட்சி உட்கார்ந்த பிறகு வந்து, "இன்னா சார், கவுந்துடும் போலகீதே" என்று கவலைப்படுவார். மாசி மாத வெயிலில் வண்டியில் குடையைச் செருகிக்கொண்டு, "புயல் வருதாம் சார், மொட்டை மாடில துணி கிணி இருந்தா எடுத்துடுங்க" என்று வீடு வீடாக எச்சரித்தவர் அவர்.

கோபமும் அவருக்கு மூன்று மாதம் கழித்துத்தான் வந்தது.

தொண்ணூறுகளின் கடைசி. நான் வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசில் கிளார்க். ஒரு நாள் மத்தியானம் என் மேஜை முன்னால் நாலு கிலோ வந்து நின்றார். கையில் ஒரு பேப்பர். மாநிலத்திலேயே பெரிய கம்பெனி நடத்தும் பேப்பர் அது. அந்தக் கம்பெனிக்குக் காலையில் ஒரு பேப்பர், சாயந்தரம் ஒரு பேப்பர், வாரப் பத்திரிகை ஒன்று, பெண்களுக்கு ஒன்று, பக்திக்கு ஒன்று, இது போதாதென்று ஒரு டிவி சேனல்.

"இத்தப் படிங்க சார்."

படித்தேன். கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு சின்ன ஊரில், பள்ளிக்கூடத்துச் சத்துணவில் பல்லி விழுந்து பிள்ளைகள் மயங்கினார்களாம். சமைத்த மரகதம் தலைமறைவாம். மரகதத்தின் படமும் இருந்தது.

"தலைமறைவாம் சார்! அந்தம்மா பொண்ணுக்குப் பிரசவம்னு போளூர் ஆஸ்பத்திரில நின்னுக்கினு இருந்தாங்க. ஹெட்மாஸ்டர்கிட்ட லீவு சொல்லிட்டுத்தான் போனாங்க. அன்னிக்கு சமைச்சதே அவங்க இல்ல."

"நாலு கிலோ, இது நடந்து மூணு மாசமாச்சே. விசாரணை எல்லாம் முடிஞ்சுபோச்சு."

முடிந்துதான் போயிருந்தது. கோப்பு எங்கள் ஆபீஸ் வழியாகத்தான் போனது. சாம்பாரில் பல்லியும் இல்லை, பூச்சியும் இல்லை. பிள்ளைகள் வாசலில் விற்ற கலர் ஐஸைத் தின்று வாந்தி எடுத்திருந்தார்கள். மரகதம் மீது தவறில்லை என்று உத்தரவு போட்டாகிவிட்டது. அந்தம்மா மறுபடி வேலைக்கும் வந்துவிட்டார். நான் இதையெல்லாம் ஆபீஸ் தோரணையில் எடுத்துச் சொன்னேன்.

"வேலைக்கு வந்துட்டாங்க சார். சாப்பிடத்தான் ஆளு இல்ல. நேத்து போயி பாத்தேன். எழுபது புள்ளைங்க படிக்கிற எடத்துல மூணு புள்ளைங்க தட்டைத் தூக்கிக்கினு நிக்குது. மீதியெல்லாம் பட்டினி கெடந்தாலும் கெடக்குமாம், இவங்க கையால தின்னாதாம். ஹெட்மாஸ்டர் உத்தரவை எடுத்துக் காட்டினா, 'பேப்பர்லயே போட்டுட்டாங்களே'ன்றாங்க தாய்மாருங்க. அந்தம்மா தினம் ஆக்கி தினம் கீழ கொட்டிக்கினு கீறாங்க சார்."

"அப்புறம் பேப்பர்லயே சரியாப் போட்டிருப்பாங்களே?"

"போடல. அன்னியிலேர்ந்து ஒரு நாள் விடாம, ஒரு பக்கம் விடாம பாத்துட்டேன். பல்லிக்கு எடம் இருந்துது. அந்தம்மாவுக்கு எடம் இல்ல."

மரகதம் கைநாட்டு வைக்க, நான் எழுத, உத்தரவின் நகலோடு பேப்பர் ஆபீசுக்குப் பதிவுத் தபால் போட்டோம். பதில் இல்லை. இன்னொன்று போட்டோம். அதற்கும் இல்லை. "அவ்ளோதான், பெரிய இடம், விட்டுடுங்க" என்றேன் நான். அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவன் வாயில் வேறு என்ன வரும்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசலில் வண்டி நின்றது. என் மனைவி மூன்று மாதக் கட்டைக் கொண்டுவந்து வைத்தாள். நாலு கிலோ கட்டை அவிழ்த்தார். அந்தக் கம்பெனிப் பேப்பரை இந்தப் பக்கமும், மற்றதை அந்தப் பக்கமும் போட்டார். மற்றதை மட்டும் எடைபோட்டார். ஒன்றே கால் கிலோ.

"இது?" என்றாள் மனைவி, மலை மாதிரி கிடந்ததைக் காட்டி.

"இந்தக் கம்பெனிச் சரக்கு இனிமே என் வண்டில ஏறாதும்மா."

"கம்மியாக் குடுங்களேன், பரவாயில்ல."

"சும்மா குடுத்தாலும் வேணாம்மா. அந்தம்மா சேதியப் போடட்டும். அன்னிக்கி எடுத்துக்கறேன்."

நாங்கள் சிரித்தோம். கோடிக்கணக்கில் புரளும் கம்பெனியை மூன்று சக்கர வண்டிக்காரர் எதிர்க்கிறார் என்றால் சிரிக்காமல் என்ன செய்வது? அதுவும் அந்தக் கம்பெனி ஏற்கெனவே விற்றுக் காசு பார்த்துவிட்ட பேப்பரை! இதில் அவர்களுக்கு என்ன நஷ்டம் என்று நானே அவருக்குக் கணக்குப்பாடம் எடுத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவனுக்கு நஷ்டமானு நான் பாக்கல சார். என் வண்டில இன்னா ஏறணும்னு நான்தானே சொல்லணும்?" என்றார். வண்டி பாதி காலியாகவே தெருவைத் தாண்டிப் போயிற்று.

மனிதர் விரதத்தை எல்லாப் பக்கமும் நீட்டினார். டீக்கடையில் அந்தச் சேனல் ஓடினால் டீயை வெளியில் எடுத்துவந்து மழையில் நின்று குடிப்பார். வடையை அந்தப் பேப்பரில் வைத்துக் கொடுத்தால் வடையை மட்டும் எடுத்துக்கொண்டு பேப்பரைத் திருப்பிக் கொடுப்பார். கை சுட்டு, வடையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் தூக்கிப் போட்டுக்கொண்டே பேசுவார்.

நானும் ஒரு தந்திரம் செய்து பார்த்தேன். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். கம்பெனிப் பேப்பரின் முதல் பக்கங்களைக் கிழித்துவிட்டு, மற்ற தாள்களை இங்கிலீஷ் பேப்பருக்குள் செருகி வைத்தேன். கட்டின் மேல் விரலை ஓட்டினார். விரலைப் பார்த்தார். "இது அவன் மை சார். கையில ஒட்டும். நீங்க படிச்சவரு, இப்டிலாம் பண்ணலாமா?" என் மனைவி முன்னால் நான் அவ்வளவு சின்னதாகிப்போனது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

ரமணாசிரமம் பக்கம் வாடகை அறையில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா, இங்கிலீஷ் பேப்பரை எடைக்குப் போடும்போது இந்தக் கதையைக் கேள்விப்பட்டு, என்னை மொழிபெயர்க்கச் சொல்லி அவரோடு பேசினார். தங்கள் நாட்டிலும் ஒரு பேப்பர் பொய் எழுதியதற்காக ஒரு ஊரே சேர்ந்து அதை வாங்குவதில்லை என்றார்.

"அந்தப் பேப்பரை மூடிட்டாங்களா, கேளுங்க சார்."

"இல்லையாம். நல்லா ஓடுதாம்."

"ஊர்க்காரங்க?"

"பல வருஷமாச்சாம். இன்னும் வாங்கலையாம்."

நாலு கிலோ அந்த அம்மாவைப் பார்த்து ஒரு பெரிய கும்பிடு போட்டார். "நான் ஒத்தையாளு இல்லனு சொல்லுங்க சார்" என்று என்னிடம் சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்தது.

இதற்குள் எங்கள் வீடுகளில் நிலைமை முற்றிவிட்டது. பரண் நிரம்பியது. பீரோவுக்கு மேல் நிரம்பியது. கட்டிலுக்கடியில் கம்பெனிப் பேப்பரும் அதில் குடும்பம் நடத்தும் கரப்பான்களும். வேறு வண்டிக்காரர்கள் வந்தார்கள்தான். ஆனால் அவர்கள் தராசில் பத்து கிலோ கட்டு ஆறு கிலோவாக இளைத்தது. பெண்கள் அவர்களை விரட்டிவிட்டார்கள். நம் வீடுகளில் பேப்பர் வாங்குவது படிக்க மட்டுமா? மூன்று மாதம் கழித்து எடைக்குப் போட்டு, வந்த காசில் ஒரு எவர்சில்வர் கிண்ணம் வாங்கத்தானே? எடைக்குப் போக முடியாத பேப்பர் என்ன பேப்பர்? முதலில் என் மனைவி நிறுத்தினாள். "அதே சேதிதானே, வேற பேப்பர் போடச் சொல்லுங்க." பிறகு எதிர்வீடு. பிறகு வரிசையாக. மரகதத்துக்காக ஒருவரும் நிறுத்தவில்லை, பரணுக்காகத்தான் நிறுத்தினார்கள் என்ற உண்மையையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

அந்தப் பேப்பரின் ஊர் ஏஜென்ட் ஸ்கூட்டரில் ஓடிவந்தார். எங்கள் வீட்டு வாசலிலேயே நாலு கிலோவை மடக்கினார்.

"யோவ், உன்னால அஞ்சு தெருவுல என் பேப்பர் படுத்துடுச்சுய்யா. அந்தப் பொம்பள உனக்கு இன்னா உறவு?"

"அந்தப் பள்ளிக்கூடத்துல பழைய நோட்டு எடைக்கி எடுக்கப் போனப்ப ஒரு வேள சோறு போட்டாங்க."

"அவ்ளோதானா?"

"பசில போனேங்க. அதுக்கு மேல இன்னா உறவு வேணும்?"

ஏஜென்ட் மேலே எழுதிப்போட்டார். ஒரு வாரத்தில் பேப்பரில் இரண்டு வரி வந்தது. சத்துணவு பற்றி முன்பு வந்த செய்தியில் ஒரு ஊழியர் குறித்த தகவல் சரியல்ல என்று, பொடி எழுத்தில், தங்கம் விலைக்குக் கீழே. நான் வெற்றி வெற்றி என்று எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார்.

"திட்டும்போது பேரு, ஊரு, படம். இப்ப 'ஒரு ஊழியர்'. யாருனு அந்தத் தாய்மாருங்களுக்கு எப்டி சார் தெரியும்? போதாது."

அடுத்து வேலூரிலிருந்து ஒரு மேனேஜரே காரில் வந்தார். பதமாகப் பேசினார். மாவட்டம் முழுக்க விற்காமல் மிஞ்சுகிற காப்பி அத்தனையும் இனி நாலு கிலோவுக்கே கொடுப்பதாகச் சொன்னார். பழைய பேப்பர்காரருக்கு அது லாட்டரி. வண்டி போய் லாரி வாங்கலாம். நான் பக்கத்தில் நின்று கண்ணைக் காட்டினேன், காலை மிதித்தேன். அவர் நிதானமாகக் கேட்டார்.

"அந்தக் காப்பில அந்தம்மா சேதி இருக்குமா சார்?"

"அது ஆசிரியர் இலாகா. நாங்க தலையிட முடியாது."

"அப்ப வேணாம் சார். என் வண்டி சின்னது."

மேனேஜர் கார்க் கதவு வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். கடைசியில், "அந்த ஆர்டர் காப்பியைக் குடுங்க, நானே கொண்டுபோறேன்" என்றார். அந்த மேனேஜரும் நல்ல மனுஷன்தான்.

பத்தாவது நாள், முன்பு பல்லிச் செய்தி வந்த அதே பக்கத்தில், மரகதத்தின் பெயரோடு, ஊரோடு, படத்தோடு வந்தது. அவர் சமைக்கவில்லை, தலைமறைவாகவில்லை, சாப்பாட்டில் குறையில்லை, வருந்துகிறோம். நாலு கிலோ அந்தப் பேப்பரை வாழ்க்கையிலேயே முதல் முறையாகக் கடையில் காசு கொடுத்து, அன்றைக்கே வாங்கினார்.

அன்று அவர் எங்கள் தெருவுக்கு வரவில்லை. நாங்கள் தெரு முழுக்கக் கட்டுகளை வாசலில் அடுக்கி வைத்துக் காத்திருக்க, அவர் காலி வண்டியை மிதித்துக்கொண்டு நேராக அந்த ஊருக்குப் போய்விட்டார். நான் லீவு சொல்லிவிட்டுப் பஸ்ஸில் பின்னால் போனேன். பள்ளிக்கூட வாசலில் வண்டிமேல் ஏறி நின்று, பேப்பர் கேட்டுக் கத்தும் அதே தொண்டையில் வாசித்தார். தாய்மார்கள் கூடினார்கள்.

"பேப்பர்லயே போட்டுட்டாங்களா?" என்றாள் ஒருத்தி.

"போட்டுட்டாங்கம்மா. நீயே பாரு, படம்."

அவ்வளவுதான். ஹெட்மாஸ்டர் சொல்லியும், கலெக்டர் ஆபீஸ் முத்திரை சொல்லியும் நகராதவர்கள், அதைப் பார்த்ததும் பிள்ளைகளைத் தட்டோடு அனுப்பினார்கள். அன்று மரகதம் தினமும் கொட்டி அலுத்துப்போய், மூன்று பேர் சாப்பிடுகிற நினைப்பில் அரைமனதாக ஆக்கியிருந்தார். வரிசையோ வாசல் வரைக்கும் வந்துவிட்டது. "சொல்லிட்டு வரக் கூடாதா, சோறு பத்தாதே, சோறு பத்தாதே" என்று அழுதுகொண்டே மறுபடி உலை வைக்க ஓடினார். நாலு கிலோ பின்னாலேயே விறகு எடுத்துப் போட ஓடினார். பிள்ளைகள் தட்டைத் தட்டிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் காத்திருந்தன. ஒன்றுகூட வீட்டுக்குப் போகவில்லை.

அந்தக் கம்பெனி அதன் பிறகு இன்னும் பெரிதாகத்தான் வளர்ந்தது. ஒரு மனிதர் வாங்காமல் இருந்தால் என்ன ஆகிவிடும் என்று இன்றைக்கும் யாராவது என்னிடம் கேட்கிறார்கள். எழுபது பிள்ளைகள் சாப்பிடும் என்று சொல்கிறேன். அவர்களுக்குப் புரிவதில்லை.

இப்போது நானே வாரா வாரம் பத்திரிகையில் எழுதுகிறவன். இந்த ஒரு கட்டுரையைப் பல வருஷம் தள்ளிப்போட்டு, இன்று எழுதி, அனுப்பும் முன் மூன்று தரம் படித்துப் பார்த்தேன். அச்சில் ஒரு வரி தப்பினால் எத்தனை தட்டு காலியாகும் என்று கண்ணால் பார்த்தவன் நான். இவ்வளவு பயத்தோடும் இவ்வளவு பிரியத்தோடும் நான் வேறு யாரைப் பற்றியும் எழுதியதில்லை.