நூறு மடங்கு வளர்ந்த கோரைப்பல்

ஒரு காட்டில், அதாவது குடிக்கத் தண்ணீர் வராவிட்டாலும் மாத அறிக்கை தவறாமல் போகிற ஒரு காட்டில், வீரபத்திரன் என்ற சிறுத்தைக்குக் கோரைப்பல் ஆடியது.

“டாக்டரம்மா, இந்தப் பல்லு போச்சுன்னா மான் கழுத்தைப் பிடிக்க முடியாது. என் ரெண்டு குட்டியும் பட்டினி கிடக்கும்” என்று பல் ஆஸ்பத்திரிக்கு வந்து அழுதது.

டாக்டர் செண்பகவல்லி ஒரு முள்ளம்பன்றி. அந்த ஆஸ்பத்திரியில் வேலை தெரிந்த ஒரே ஜீவன் அவள்தான். அதனால் பதவி உயர்வு கிடையாது. இரண்டு புட்டிகளை எடுத்து வைத்தாள்.

“பல் வேரைச் சுத்தி இருக்கிற செல்லுங்கதான் வேர் மேல கெட்டியாப் பூச்சு பூசி, பல்லைத் தாடையோட பிடிச்சு வைக்கணும். இந்த முதல் புட்டியில இருக்கிற வளர்ச்சிக் காரணி அதுங்களைப் பெருக்கும். ஆனா பெருகிக்கிட்டே இருந்தா பூச்சு வேலை நடக்காது. அதனால ஒரு வாரத்துல நிறுத்திட்டு ரெண்டாவது புட்டி. அது வேற காரணி. பெருகினது போதும், பூசுங்கன்னு சொல்லும்.”

ஒரே வாரத்தில் செல்கள் நான்கு மடங்கு! கண்காணிப்பாளர் மாசிலாமணி என்ற நரி அதை வாசல் கரும்பலகையில் எழுதி, பலகைக்கு மாலையும் போட்டது. சிங்க ராஜாவிடமிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது.

மறுநாள் டாக்டர் இரண்டாவது புட்டிக்கு அனுமதி கேட்டாள்.

“இதைப் போட்டா எண்ணிக்கை ஏறுமா?” என்றது நரி.

“ஏறாது சார், நின்னுடும். ஆனா பல்லும் நின்னுடும்.”

“அய்யய்யோ! வளர்ச்சி நின்னுபோச்சுன்னு ராஜாவுக்கு நான் எழுதணுமா? பல்லு நின்னதை எழுதப் படிவத்துல கட்டமே இல்லையேம்மா!”

முதல் புட்டியே தொடர்ந்தது.

“இன்னும் ஆடுதே சார்” என்றது சிறுத்தை.

“ஆடினா ஆடட்டும் அண்ணாச்சி, பலகையைப் பாருங்க. நாற்பது மடங்கு!”

சிறுத்தையும் பார்த்தது. பார்த்து, வெட்கக்கேடு, அதற்குப் பெருமையாக வேறு இருந்தது. போட்டோ எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனது. புத்தி எங்கே போச்சோ!

மூன்றாம் மாதம் பசி தாங்காமல் ஒரு மானின் கழுத்தைக் கவ்வியது. மான் ஒரு உதறு உதறியது. பல் வேரோடு தரையில் விழுந்தது. வேரில் ஒரு பொட்டுப் பூச்சு கிடையாது. மான் ஓடியே போய்விட்டது. குட்டிகள் இரண்டும் பசியோடு பார்த்துக்கொண்டு நின்றன.

பல்லைத் தூக்கிக்கொண்டு சிறுத்தை ஆஸ்பத்திரிக்கு ஓடியது. அங்கே டாக்டர் இல்லை. வளர்ச்சிக்குத் தடையாக இருந்ததாகச் சொல்லி அவளை இடம் மாற்றிவிட்டிருந்தார்கள். நரி பல்லை வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, ‘நூறு மடங்கு வளர்ச்சி கண்ட பல்’ என்று சீட்டு ஒட்டியது.

“என் குட்டிங்க என்ன சார் சாப்பிடும்?”

நரி ஒரு புதுப் படிவத்தை நீட்டியது. “அந்தப் பக்கத்துப் பல்லு லேசா ஆடுதான்னு பாருங்க. அதுலயும் ஆரம்பிச்சிடலாம்.”

நீதி: எந்த வேலையையும் முடித்துத் தொலைக்காதே, முடிந்த வேலைக்கு வளர்ச்சி அறிக்கை எழுத முடியாது.