புனிதா பேரில் ஒரு சிம் கார்டு

கோழையாகிவிடுவது என்று முடிவெடுத்தேன். அதையும் அரைகுறையாகச் செய்யாமல், முறைப்படி செய்வது என்று முடிவெடுத்தேன்.

காரணம் பக்கத்து வீட்டு சசிதரன். எங்கள் செம்பனைத் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளை இடிக்கப் போகிறார்கள். இதைப் பற்றி முகநூலில் 'கடைசி லயம்' என்ற பக்கத்தில் யாரோ பெயர் போடாமல் எழுதிவந்தார்கள். அதிலிருந்து ஒரு பதிவைச் சசிதரன் பகிர்ந்தான். மேலே 'திருட்டுப் பயலுங்க' என்று மட்டும் சேர்த்தான். போலீஸ் கூட்டிப் போனது. திரும்பி வந்தபோது கையில் போன் இல்லை, வாயில் பேச்சும் இல்லை. கோழி கூவினால்கூடத் திடுக்கிடுகிறான்.

பகிர்ந்தவனுக்கே இந்தக் கதி. எழுதியவனுக்கு?

எழுதியவன் நான்.

தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். பொழுதுபோக்குக்கு அகராதி படிப்பவன். என் பாதுகாப்பு ஏற்பாடு வேறு எந்த மூளைக்கும் எட்டியிருக்காது. மந்தின் டவுனில் சிம் கார்டு வாங்கியபோது ஐசி, அதாவது அடையாள அட்டை, கேட்டார்கள். கிளினிக்குக்காக எடுத்துப்போன மனைவி புனிதாவின் ஐசி சட்டைப்பையில் இருந்தது. அதை நீட்டினேன். கடைக்காரர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. என் மனைவி மீது யாருக்குச் சந்தேகம் வரும்? அவள் போனைத் திறப்பதே மீன் குழம்பு வீடியோ பார்க்கவும், பார்த்ததை ஊருக்கெல்லாம் அனுப்பவும்தான். சிம்மைப் பழைய போன் ஒன்றில் போட்டு, அந்த நம்பரில் பக்கத்தைத் தொடங்கி, போனை அடுப்படியில் அரிசி டின்னுக்குப் பின்னால் மறைத்துவைத்தேன்.

அந்த முகநூல் பக்கத்தில் என் உரைநடையைத் தவிர உருப்படியாகவும் ஒன்று இருந்தது. ஒரு வீடியோ. கோயில் திருவிழாவில் பழைய மேனேஜருக்குப் பரிவட்டம் கட்டினோம். அந்தப் பூரிப்பில் மைக்கைப் பிடித்தவர், "மாற்று வீடு கொடுக்காமல் ஒரு லயத்தையும் இடிக்க மாட்டோம்" என்று அம்மன் முன்னால் அறிவித்தார். அப்படி ஒரு வாக்கே இல்லை என்கிறது புதிய கம்பெனி. அடுத்த வாரம் கோர்ட்டில் விசாரணை. எழுத்தில் ஒன்றும் இல்லை. வீடியோ ஒன்றுதான் சாட்சி. வேறு பிரதியும் இல்லை. பாதுகாப்பு கருதி நானே அழித்திருந்தேன்.

மிச்சமிருந்ததையும் அழிக்க உட்கார்ந்தேன்.

புனிதா உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கப் போயிருந்தாள். ஒளித்துவைத்த போனில் லைன் செத்திருந்தது. கம்ப்யூட்டரில் கடவுச்சொல்லை அடித்தேன். தவறு என்றது. நான் தவறுவதில்லை. மறுபடி அடித்தேன். மறுபடியும் தவறு. 'மறந்துவிட்டேன்' என்று அவமானத்தோடு ஒப்புக்கொண்டேன். உங்கள் நம்பருக்கு ரகசிய எண் அனுப்பியிருக்கிறோம் என்றது.

வாசலில் 'டிங்' என்றது.

புனிதா நின்றிருந்தாள். கையில் அவளுடைய போன்.

"நம்பர் வந்திருக்கு. படிக்கட்டுங்களா?"

"எந்த நம்பர்?"

"நடிக்காதீங்க லா. இந்த வீட்டுல அரிசி அளக்கிறது நீங்களா, நானா?"

"சிம் அந்தப் போன்லதானே இருக்கு?"

"இருக்கும், பொணமா. நேத்து மந்தினுக்குப் போயி ஐசியக் காட்டினேன். சிம் தொலைஞ்சிடுச்சுன்னு சொன்னேன். அதே நம்பர்ல புதுசு குடுத்துட்டாங்க. என் பேருதானே?"

"பாஸ்வேர்டு?"

"மாத்திட்டேன்."

"புனிதா, சசிதரனப் பாத்தியா நீ?"

"சோறு கொண்டு போனேங்க. முழுங்க முடியாம அழுவுறான். வாயடைச்சவன் இந்த லயத்துக்கு ஒருத்தன் போதும்."

"சொன்னாக் கேளு. வீடியோவ அழிச்சிடு. புடிச்சா உன்னத்தான் புடிப்பாங்க. உன் பேருலதான்..."

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது.

"இப்பத்தான் தெரியுதா?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருக்கலாம். "போலீஸ் பாலாய்லருந்து கூப்பிட்டுட்டாங்க. நாளைக்குக் காலையில வரணுமாம். நான்."

கீபோர்டைத் தள்ளிவைத்தேன்.

"நான் வர்றேன். நான்தான் எழுதினேன்னு சொல்லிடுறேன்."

"சொல்லி? ரெண்டு பேரும் உள்ள போயிட்டா கோழிக்குத் தீனி போடுறது யாரு? விசாரணைக்குப் போறது யாரு?"

"போனப் புடுங்கிக்குவாங்களே, வீடியோ போயிடுமே!"

"அழிக்க உக்காந்தவரு கவலைப்படுறத பாரு! அது வீட்டுக்கு வீடு போயாச்சு. நம்ம வக்கீலுக்கும் போயாச்சு."

"அதெல்லாம் எப்படி அனுப்புன?"

"மீன் குழம்பு அனுப்புற மாதிரிதான்."

மறுநாள் பாலாயில் இருந்த அதிகாரி இளைஞர், மரியாதையானவர். அந்த மரியாதைதான் எனக்குப் பிடிக்கவில்லை. புனிதாவின் போனை வாங்கி, பிளாஸ்டிக் பையில் போட்டு ஒட்டினார். பக்கம் யாருடையது? "சாயா," என்றாள், என்னுடையது என்று. சிம்? "சாயா." எழுதியது? "சாயா." இனி எத்தனை முறை கூப்பிட்டாலும் வர வேண்டும் என்றார். தலையாட்டினாள். மேசைக்கடியில் அவள் தன் ஐசியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்ததை நான் மட்டும் பார்த்தேன்.

பொறுக்க முடியவில்லை. வழியெல்லாம் மனப்பாடம் செய்த தூய மலாய் வாக்குமூலத்தோடு எழுந்தேன். என் கால்மேல் புனிதாவின் குதிகால் இறங்கியது. வாக்குமூலம் "ஆ" என்பதோடு நின்றது.

இவர் யார் என்று கேட்டார் அதிகாரி.

"சுவாமி சாயா, துவான். டியா தா தாவு அப்பா-அப்பா."

என் வீட்டுக்காரர், ஐயா. இவருக்கு ஒன்றும் தெரியாது.

கல்யாணமான நாளிலிருந்து அடுப்படியில் அவள் சொல்லிவந்ததை, அதிகாரி நிதானமாகத் தட்டச்சு செய்து, முத்திரை குத்தி, அரசாங்க ஆவணமாக்கினார்.