கழிக்கலாம் ஐயாவும் கூரையில்லாத வீடும்

வருமானவரியை மனதார நேசித்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் நாவற்குடாவில், எங்கள் வளவுக்கு அடுத்த ஒழுங்கையில் குடியிருந்தார்.

காப்புறுதி முகவர். பிள்ளைகளின் மேற்படிப்புக்கென்று பெற்றோர் மாதாமாதம் பணம் கட்டுகிற பத்திரங்களை விற்பதுதான் தொழில். "கட்டுற காச வரியில கழிக்கலாம்" என்று சொல்லாமல் ஒரு வீட்டிலிருந்தும் எழும்பமாட்டார். அதனால் ஊர் வைத்த பெயர் 'கழிக்கலாம் ஐயா'. ஞானஸ்நானம் முடிந்து குழந்தையின் தலை காய்வதற்குள் தகப்பனின் பக்கத்தில் வந்து நிற்பார். கலியாண வீட்டில் மாப்பிள்ளையின் காதில் ஏதோ சொல்வார், மாப்பிள்ளை வெட்கப்படுவார். சொன்னது இன்னும் பிறக்காத முதல் பிள்ளையின் தவணைப் பணம் பற்றித்தான்.

இதையெல்லாம் விளையாட்டாகச் செய்தாரென்று நினைக்க வேண்டாம். அவர் சிரித்து யாரும் கண்டதில்லை. கறுப்புக் குடையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, செத்த வீட்டுக்குப் போகிறவர் போலத்தான் எல்லா வீட்டுக்கும் போவார்.

ஆரையம்பதியில் வாவியில் வலை வீசிப் பிழைத்த ஒருவருக்கு ஒரு காலை முழுவதும் வரிச் சலுகையை விளக்கினார். அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டார்.

"ஐயா, எனக்கு வருமானமே இல்ல. மறுகா வரி எங்க?"

"வரும் தம்பி. வந்த நேரம் கழிக்கிறதுக்கு ஒண்டும் இல்லாம நிண்டா என்ன செய்வாய்?"

நீயும் ஒருநாள் வரி கட்டுவாய் என்று அந்த மனிதரிடம் அதுவரை எவரும் சொன்னதில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கையெழுத்து வைத்தாராம்.

பொய் மட்டும் ஐயாவின் வாயில் வராது. கல்குடாவில் யாரோ அன்பாகக் கொடுத்த கருவாட்டுப் பொட்டலத்துக்கு விலை கேட்டு, அதையும் தன் வருமானத்தில் சேர்த்துக் காட்டினார்.

"இந்தக் கருவாட எந்தத் துரை பாக்கப்போறான் ஐயா?" என்று கேட்டார் கொடுத்தவர்.

"நான் பாத்தனே" என்றார்.

என் அப்பா டவுனில் மருந்துக்கடை வைத்திருந்தார். எனக்காக அவரும் ஒரு பத்திரம் எடுத்து, வருடா வருடம் வரியில் கழித்து வந்தார். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தான் கலியாணம். மாப்பிள்ளைக்கு எத்தனை குறை இருந்தாலும் சரி, வீட்டுக்குக் கூரை இருக்க வேண்டும். எனக்கென்று கட்டத் தொடங்கிய வீடு சுவரோடு நின்றிருந்தது. அந்த நேரம் பார்த்து, நான் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்ட செய்தியும் ஒரு நல்ல சம்பந்தமும் ஒரே கிழமையில் வந்து சேர்ந்தன. படிப்பு இலவசம்தான். விடுதிச் சாப்பாடும் உடுப்பும் இலவசமில்லை. கையில் இருந்ததோ அந்த ஒரு பத்திரம். அப்பா கூரையின் பக்கம் சாய்ந்தார். நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை, அதை யாரும் பெரிதாக எடுக்கவும் இல்லை.

ஐயாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

"ஐயா, பொலிசிய முறிச்சுத் தாங்க. ஓடு எடுக்கோணும்."

ஐயா தேத்தண்ணீரைக் கீழே வைத்தார். அழுது வீங்கிய முகத்தோடு கதவடியில் நின்ற என்னை ஒருமுறை பார்த்தார்.

"முறிக்கலாம். இவ்வளவு வருசமும் என்னத்துக்கெண்டு சொல்லி வரியில கழிச்சீங்க?"

"புள்ளைட படிப்புக்கு."

"அரசாங்கம் நம்பிச்சா?"

"நம்பிச்சு."

"அப்ப ஓடு வாங்கினா அது பொய்க் கணக்கு. சட்டத்தில இரிக்கு. கழிச்சதெல்லாத்தையும் தண்டத்தோட திருப்பிக் கேப்பாங்க. மறியல்ல கம்பி எண்ணவும் வரும்."

அப்பா ஞாயிறுதோறும் மெதடிஸ்த கோயிலில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவர். முகம் வெளிறிப் போனது. அம்மாதான் முடிவு சொன்னா.

"கூர புறகு போடலாம். இவர மறியலுக்கு விட்டுட்டு நான் ஓட்ட வச்சி என்ன செய்யிற?"

மாப்பிள்ளை வீட்டார் கூரையுள்ள இடமாகத் தேடிப் போனார்கள். நான் ரயில் ஏறினேன். வழியனுப்ப வந்த ஐயா, "கவனமாப் படி புள்ள, கழிச்ச காசு" என்று மட்டும் சொன்னார்.

படித்து முடித்து, வரி அலுவலகத்திலேயே எனக்கு வேலை கிடைத்தது. வேலைக்குச் சேர்ந்த கிழமையே அந்தச் சட்டத்தைத் தேடினேன். அப்படி ஒன்று இல்லை. கட்டிய பணத்தில் ஒரு பங்கைக் கழிக்கலாம், அவ்வளவுதான். கைக்கு வந்த பணத்தில் படிப்பதா, ஓடு வாங்குவதா என்று அரசாங்கம் யாரிடமும் கேட்டதேயில்லை. கருவாட்டையும் மறைக்காத மனிதர், கண் இமைக்காமல் எங்கள் வீட்டில் உட்கார்ந்து முழுப் பொய் சொல்லியிருக்கிறார்.

சுவரோடு நின்ற அந்த வீட்டுக்கு என் சம்பளத்தில் கூரை போட்டேன். முதல் ஆளாக அவரைத்தான் கூட்டிவந்தேன். உள்ளே இருத்தி வைத்துக் கேட்டேன்.

"ஐயா, அண்டைக்கு அப்பாக்குச் சொன்னீங்களே, அது சட்டத்தில எந்தப் பிரிவு?"

அவர் அண்ணாந்து கூரை ஓடுகளைப் பார்த்தார்.

"நல்ல ஓடு. ஆனா இத வரியில கழிக்க ஏலாது புள்ள."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்ததை அன்றுதான் கண்டேன். வேலையில் எத்தனையோ பேரின் பொய்க் கணக்குகளைப் பிடித்து எழுதியிருக்கிறேன். அவருடையதைப் பிடிக்க எனக்கு மனம் வரவேயில்லை.