இணைப்பு இணைக்கப்படவில்லை

வானம் எல்லோருக்கும் பொதுவாகவும், நிலம் மட்டும் துறைவாரியாகவும் இருந்த ஒரு நாட்டின் தலைநகரம் தெங்கனூர். அதன் கிழக்கே ஒரு தோப்பு, மேற்கே ஒரு தோப்பு. இடையில் பதினொரு தெருக்கள். பன்னிரண்டு என்பவர்களும் உண்டு. கடைசிச் சந்து தெருவா இல்லையா என்பது இன்னும் முடிவாகவில்லை.

கிழக்குத் தோப்பில் மூன்று மலையணில்கள் எஞ்சியிருந்தன. மலையணில் மரத்திலேயே பிறந்து மரத்திலேயே வாழும். தரையில் அதற்குத் திசை தெரியாது. கோடை முற்றினால் கிழக்கே காய்கனி தீர்ந்துவிடும், மேற்கே பழுத்து உதிரும். சென்ற கோடையில் பசி தாங்காமல் இறங்கி நடந்த நான்காவது அணில், இணைப்புத் துறை அமைச்சரின் வாகன வரிசையில் எட்டாவது காரில் அடிபட்டது. அதைத் துணியில் சுற்றி எடுத்துப் புதைத்தவர் நாலாம் தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருந்த வடிவாம்பாள். அடுத்த கோடைக்குள் மிச்ச மூன்றுக்கும் மேலேயே ஒரு வழி வேண்டும் என்று அவர் வீடு வீடாகச் சொன்னார்.

விடுமுறை நாட்களில் வீட்டுக்கு ஒருவர் வந்தார்கள். காலி இடங்களில் நாவலும் அத்தியும் நட்டு, அரிசி களைந்த நீரை ஊற்றினார்கள். கன்றுகள் வளரும்வரை, இருக்கிற பெரிய மரங்களுக்கு இடையே பழைய தேர்வடத்தைக் கட்டலாம் என்ற யோசனை லைன்மேன் பிலவேந்திரனுடையது. ஏறிக் கட்டியவரும் அவரே. பத்துத் தெருக்கள் முடிந்தன. மிஞ்சியது அகலமான அரசாணைச் சாலை. அங்கே மரம் இருந்தது, ஆனால் அது இணைப்புத் துறை அலுவலகத்தின் சன்னலை ஒட்டி நின்றது. ஆகவே அனுமதி தேவைப்பட்டது.

தவறு இங்கேதான் நேர்ந்தது. மனுவில் ‘இரு தோப்புகளுக்கும் இணைப்பு வேண்டும்’ என்று எழுதிவிட்டார்கள்.

ஏழாம் நாள் மனு திரும்பி வந்தது. ஓரத்தில் துறைச் செயலர் வைரவநாதன் ‘இணைப்பு இணைக்கப்படவில்லை’ என்று எழுதியிருந்தார். தெருக்காரர்கள் வரைபடம் ஒன்றைப் பின் குத்தி அனுப்பினார்கள். குடிநீர் இணைப்பா, மின் இணைப்பா என்று கேட்டு மறுபடியும் வந்தது. இரண்டும் இல்லை என்று பதில் போட்டார்கள். எந்த வகையிலும் சேராத இணைப்பு ஆபத்தானது என்று கருதிய அரசு, வடம் கட்டிய ஒவ்வொரு மரத்திலும் மீட்டர் பொருத்த ஆணையிட்டது.

மீட்டர் அளப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. மாதந்தோறும் ஓர் ஊழியர் வந்து பூஜ்யம் என்று குறித்துச் சென்றார். மூன்று மாதம் பூஜ்யம் வந்தால் அந்த முகவரியில் ஆள் இல்லை என்பது விதி. எனவே இரண்டாவது ஆணை வந்தது: பத்துத் தெருக்காரர்களின் குடிநீர் நிறுத்தப்பட்டது, வாக்காளர் பட்டியலிலிருந்து பெயர்கள் நீக்கப்பட்டன. மக்கள் குடங்களோடு பக்கத்துப் பேட்டைக்கு நடந்தார்கள். கன்றுகளுக்கும் அதிலிருந்தே ஊற்றினார்கள்.

வடிவாம்பாள் அலுவலகத்துக்குப் போனார்.

“நான் இங்கதானே நிக்கிறேன், சார்.”

“நிக்கிறதுக்கு ஆதாரம் இருக்காம்மா?” என்றார் வைரவநாதன்.

அமைச்சர் இடைமறித்தார். “இந்த அரசு யாரையும் கைவிடாது. இல்லாதவர்களையும் கைவிடாது.”

அன்று மாலையே மூன்றாவது ஆணை வெளியானது: அனுமதியற்ற இணைப்புகள் மாத இறுதிக்குள் துண்டிக்கப்படும். கிழக்குத் தோப்பில் அத்திக்காய் அநேகமாகத் தீர்ந்திருந்தது.

வடிவாம்பாள் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்காமலே உட்கார்ந்திருந்தார். பிலவேந்திரன் பக்கத்தில் வந்து அமர்ந்தார்.

“அக்கா, நாமளே துண்டிக்கச் சொல்லி மனு குடுப்போம்.”

“வெயில்ல கம்பம் ஏறி ஏறி உனக்குப் புத்தி கலங்கிப்போச்சா?”

“எங்க வீட்டு லைனைத் துண்டிக்கச் சொல்லி எங்கப்பா மனு குடுத்தப்ப எனக்கு அஞ்சு வயசு. இன்னும் பரிசீலனையில இருக்கு. முடியுற வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாதாம்.”

“நீயே லைன்மேன்தானேடா?”

“நானும்தான் வைக்க முடியல.”

மறுநாளே மனு போனது: பதினொரு வடங்களையும், பத்துத் தெருவின் குடிநீர் இணைப்புகளையும் தயவுசெய்து துண்டிக்கவும். இந்த முறை இணைப்பும் இணைக்கப்பட்டிருந்தது.

வைரவநாதன் விதிப்புத்தகத்தை மூன்று முறை படித்தார். துண்டிப்பைப் பரிசீலிக்க ஓர் இணைப்பு இருந்தாக வேண்டும். ஆகவே குடிநீர் திரும்பக் கொடுக்கப்பட்டது. மனு கொடுக்க மனுதாரர் இருந்தாக வேண்டும். ஆகவே பெயர்கள் பட்டியலில் ஏறின. வடங்களை அவர் நேரில் போய் எண்ணினார். பத்துதான் இருந்தன; கோப்பில் பதினொன்று இருந்தது. கோப்பு தவறாக இருக்க முடியாது. துறை ஊழியர்கள் நால்வர் ஏணியோடு வந்து, அரசாணைச் சாலையின் குறுக்கே பதினொன்றாவது வடத்தைத் தாங்களே கட்டி, ‘பரிசீலனையில் உள்ளது, தொடாதீர்’ என்று பலகையும் மாட்டிவிட்டுப் போனார்கள். எதிர்ப்புறம் கன்றுக்கு ஊற்றக் குடத்தோடு நின்ற வடிவாம்பாள் சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நான்கு நாள் கழித்து, காலை பதினொரு மணிக்கு, அமைச்சர் கையெழுத்திடும்போது சன்னலில் நிழல் விழுந்தது. செம்பழுப்பு நிறத்தில், உடம்பைவிட நீளமான வாலோடு ஒன்று வடத்தில் ஓடியது. பின்னால் இன்னொன்று. மூன்றாவது சற்றுத் தயங்கி, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு மேற்கே போனது.

“அது என்னய்யா?” என்றார் அமைச்சர்.

வைரவநாதன் நிமிரவில்லை. “பரிசீலனையில இருக்குங்க, ஐயா.”